ரம்ஸிக்கு ஈடானவன்

எங்கள் பக்கத்து ரொட்டியை வெயிலில் வைத்துத்தான் புளிக்க வைப்போம். கெய்ரோவிலிருந்து விசாரணைக்கு வந்த உங்களுக்கு அது பிடிக்காது. மூன்று நாளாக நீங்கள் அதைத் தொடவே இல்லை என்று காவலர் சொன்னார். பரவாயில்லை. நான் சொல்லப்போவதும் உங்களுக்குப் பிடிக்காது. இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பக்கூம், எங்கள் குடும்பத்தில் மூத்தவன். எனக்குத் தம்பி ஒருவன்தான், ரம்ஸி. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், வாய்க்கால் மடையில் எங்கள் வேலைக்காரன் காராஸை அவன் கன்னத்தில் அறைந்தான். காராஸின் கையில் மண்வெட்டி இருந்தது. மூன்றாம் நாள் ரம்ஸியைப் புதைத்தோம்.

காராஸ் ஓடிப்போனான். அலெக்ஸாந்திரியாவில் ஒரு மரப் பட்டறையில் வேலை செய்தான். அது எனக்குத் தெரியும். நான் ஆள் அனுப்பவில்லை. ரத்தத்துக்கு ரத்தம் வாங்குவது சமமானவர்களுக்குள் மட்டும்தான். வேலைக்காரனைக் கொன்று பழி தீர்த்தால், அவன் உயிர் எங்கள் ரம்ஸியின் உயிருக்கு ஈடு என்று நானே ஒத்துக்கொண்டதாகும். ஊரார் அதைப் பொறுமை என்றார்கள். பயம் என்றவர்களும் உண்டு.

இந்த ஈஸ்டர் முடிந்த மறுவாரம் அவன் திரும்பி வந்தான். அவன் தாய்க்குக் கண் போய்விட்டது. கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வழக்கப்படி தன் சவத்துணியை இரு கைகளிலும் ஏந்தி, ஊர் பார்க்க என் வாசலில் மண்டியிட்டான். பக்கத்தில் எங்கள் பாதிரியார், அபூனா மத்தாவுஸ்.

"என் உசுரு உங்க கையில, எஜமான்," என்றான் காராஸ்.

"மன்னிச்சேன். போ."

அத்தோடு விட்டிருப்பேன். பாதிரியார் விடவில்லை.

"நாய்க்கு எலும்பு போடுற மாதிரி மன்னிக்கக் கூடாதுங்க, பக்கூம் ஐயா. நற்கருணை கொடுக்க நான் ரெண்டு கரண்டியா வச்சிருக்கேன்? அவன் வாயில வச்ச கரண்டிதான் உங்க வாய்க்கும் வருது. தம்பியா ஏத்துக்கோங்க."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா, அபூனா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

மூன்று முறை கேட்டேன். ஊரே சாட்சி.

சவத்துணியை வாங்கிக்கொண்டேன். அவனைத் தூக்கி நிறுத்தி முத்தமிட்டேன். ஆடு அறுத்தேன். என் வலப்பக்கத்தில், ரம்ஸியின் இடத்தில் உட்கார வைத்து, கை கழுவ நானே தண்ணீர் ஊற்றினேன். பெரியப்பா மகன் ஷாக்கிர் சிரித்தான்.

"ஊத்துங்கண்ணே, நல்லா ஊத்துங்க. நாளைக்கு அவன் செருப்பையும் துடைச்சு வைப்பீங்க போல."

அன்றிலிருந்து தினமும் மதியம் காராஸை அழைத்து என் தட்டிலேயே சாப்பிட வைத்தேன். முதலில் குனிந்தே சாப்பிட்டான். எஜமான் என்று அவன் சொன்ன ஒவ்வொரு முறையும் அண்ணன் என்று திருத்தினேன். ரம்ஸியின் சட்டைகளைக் கொடுத்தேன். தோளில் சரியாகப் பொருந்தின.

நாற்பதாவது நாள் இன்னும் கொஞ்சம் கறி வைக்கப் போனேன். அவன் என் கையைத் தடுத்துச் சிரித்தான்.

"போதும்ணே, வயித்துல இடமில்ல."

என் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னான். அந்தச் சொல்லில் துளிப் பயம் இல்லை. அதற்காகத்தான் நான் காத்திருந்தேன்.

மறுநாள் காலை அவனை மடைக்கு அழைத்துப் போனேன். முன்னால் நின்றுதான் சுட்டேன். முதுகில் சுட அவன் வேலைக்காரன் அல்ல. எனக்குக் கோபமும் இல்லை. என் குடும்பத்துக்கு வரவேண்டிய ரத்தம், அதற்கு ஈடான உடம்பிலிருந்து வந்தது.

மன்னித்தது பொய்தானே என்று கேட்கிறீர்கள். இல்லை. வேலைக்காரனை முழுமனதோடு மன்னித்தேன். அவன் வேலைக்காரனாகவே திரும்பிப் போயிருந்தால், இன்று தாய்க்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பான். அவனைத் தனக்குச் சமமாக நடத்திய ஒரே மனிதன் இந்த ஊரில் நான்தான்.

அபூனா மத்தாவுஸ் என்னைப் பார்க்க வர மறுக்கிறாராம். வருத்தப்பட வேண்டாம், அவரையும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லி அனுப்புங்கள்.