கெட்டுப்போன குடுவைகள்

என் அறைக் கதவை நான் மூடுவதில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம். நல்ல ஆசிரியராக என்ன செய்யவேண்டும் என்று புது விரிவுரையாளர்கள் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். சந்தேகத்தோடு வருகிற பிள்ளை வாசலில் தயங்கி நிற்கக்கூடாது. இந்த விசாரணைக் குழுவில் இருக்கும் உங்களில் இரண்டு பேர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்தான்.

அந்தப் பெண் என்னிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோதே மகா கெட்டிக்காரி. மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரிகளைக் குடுவைகளில் வளர்த்து, எது சாயக் கழிவைத் தின்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. மற்றவர்களுக்கு ஒரு வருடம் பிடிக்கும். அவளுக்கு மூன்றாம் மாதமே கைகூடிவிட்டது. அதன்பிறகு பதினோரு நாள் என் அறைப் பக்கமே வரவில்லை. ஆய்வகத்தில் எட்டிப் பார்த்தேன். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வேலை செய்துகொண்டிருந்தாள்.

சீக்கிரம் வருகிற வெற்றி ஆளைக் கெடுத்துவிடும். மறுநாள் காலை, யாரும் வருமுன் போய் நான்கு குடுவைகளில் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டேன். அவ்வளவுதான்.

மத்தியானம் ஓடி வந்தாள். "சார், எல்லாம் செத்துப்போச்சு சார். எங்க தப்பு பண்ணேன்னே தெரியல."

இரண்டு மணி நேரம் பேசினோம். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக நான் பாடம் நடத்தியதில்லை.

பிறகு அது வாராந்திர வேலையாயிற்று. எல்லாவற்றையும் கொல்லமாட்டேன். அடியோடு நம்பிக்கை போனால் பிள்ளைகள் படிப்பையே விட்டுவிடுவார்கள். நான்கில் ஒன்றைப் பிழைக்க விடுவேன்.

இரண்டாம் வருடம், "யாரோ கை வைக்கிறாங்க சார்" என்றாள், குரலைத் தாழ்த்தி. யாரையும் நம்பாதே என்றேன். குடுவை மூடிகளில் பென்சில் கோடு போட்டாள். அலமாரி இடுக்கில் தலைமுடி ஒட்டிவைத்தாள். ஒவ்வொன்றையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தாள். அதனால் கோடும் கலையவில்லை, முடியும் அறவில்லை.

கடைசியில் சந்தேகம் ஆய்வக உதவியாளர் மேல் விழுந்தது. கொத்துச் சாவி எப்போதும் இடுப்பில் தொங்கும் என்பதால் அவரைச் சாவியண்ணன் என்போம். அவள் எழுதிய புகாரில் பிழைகளை நான் திருத்திக் கொடுத்தேன். வேலை போன அன்று சாவிகளை என் மேசையில் வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபமில்லீங்க. அது முகமே சரியில்ல. நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். பார்த்துக்கொண்டேன்.

அவர் போனபிறகும் குடுவைகள் செத்தன. ஒருநாள் கேட்டாள்: "சார், ஒருவேளை நானே பண்றேனோ? எனக்கே தெரியாம?"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன். "ஓய்வு எடும்மா. ஒரு டாக்டரையும் பாத்துடு" என்றேன்.

அவளுடைய தாய்மாமா வந்து அழைத்துப் போனார். "உங்கள மாதிரி வாத்தியார் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாத்திரைகளோடு திரும்பி வந்தாள். கை நடுங்கியது. திரவத்தை அளந்து விட முடியாதபோது அவள் மணிக்கட்டை நான்தான் பிடித்துக்கொள்வேன்.

காலிக் கையுறைப் பெட்டிக்குள் அவள் வைத்த கேமராவின் படத்தை நேற்று போட்டுக் காட்டினீர்கள். அதில் இருப்பது நான்தான். ஐந்து வருடமாக, வாரம் தவறாமல், நான்தான். சாவியண்ணன் ஒரு தப்பும் செய்யவில்லை. அவள் புத்தியும் பேதலிக்கவில்லை. மூன்றாம் மாதம் அவள் கண்டுபிடித்தது சரி. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்தக் கேமராவைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒளிவுமறைவே இல்லாமல் பழகிய பெண். நான் எதில் குறை வைத்தேன் என்று அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.