சம்பளத்தோடு லீவு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் டிபன் பையை மடியில் வைத்திருந்த அம்மாள், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னார்:

"நான் லீவுல இருக்கேன்னு எங்க வீட்ல மட்டும் சொல்லிடாத."

"முனிசிபாலிட்டிக்கு லீவு போட்டுட்டு எங்க கிளம்பிட்டீங்கக்கா?"

"கேஷுவல் லீவுடி. வருஷம் முடியறதுக்குள்ள எடுக்கலைன்னா வீணாப்பூடும். வீட்ல இருந்தா எங்க மாமியாரு கடலெண்ணெ ஆட்டறதுக்கு மல்லாட்டை உரிக்க உக்கார வச்சிடும்."

"அப்ப சாயங்காலம் வரைக்கும் எங்கதான் இருப்பீங்க?"

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். நான் கொஞ்சம் முன்னால் சாய்ந்தேன்.

"எங்க ஆபீஸ்லதான். வரி கட்ட வந்தவங்களோட பெஞ்சுல உக்காந்துக்கினு, காலியா இருக்கிற என் சீட்டக் காட்டி, 'இந்தம்மா இன்னிக்கும் வரலியா?'ன்னு நானும் சேந்து திட்டிக்கினு இருப்பேன்."