பக்கத்து சீட்டு

ராத்திரி பதினொன்றரை. ரெண்டு பக்கமும் குடோன் சுவரு மட்டுமே இருக்குற ஒரு ரோடு. ஆள் நடமாட்டம் கிடையாது. ஒரே ஒரு கார் வருது...

ஓட்டிட்டு வந்தவரு, என் கூட வேலை பாக்குற ஃப்ரெண்டோட அக்கா வீட்டுக்காரரு. லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடில, இருட்டுக் குழிக்குள்ள தொங்கிக்கிட்டே டீ குடிக்கிற மனுஷன். அவருக்கு நடந்ததைத்தான் சொல்றேன். அந்த லைட்டை அணைக்காதீங்க... இருக்கட்டும்.

அன்னிக்கு அவரு கம்பெனில ஒருத்தர் ரிட்டயர் ஆகுறாரு. பார்ட்டி எங்கன்னா, பழைய வீடியோ கேம் மிஷினுங்களை வரிசையா நிறுத்தி வச்சிருக்குற ஒரு பார்ல. கட்டடத்துக்கு அடியில, படி இறங்கிப் போகணும். எல்லாரும் கிளாஸும் கையுமா உக்காந்துட்டாங்க. இவரு வண்டி ஓட்டணுமே... வெறும் சோடாதான். ஒரு சொட்டு தொடல, அதை ஞாபகம் வச்சுக்கங்க. போரடிக்குதுன்னு மிஷினுங்க பக்கம் போயிருக்காரு.

கடைசி மூலைல ஒரு கார் ரேஸ் மிஷின். பக்கத்து பக்கத்துல ரெண்டு சீட்டு, ரெண்டு ஸ்டியரிங், ரெண்டு திரை. ஒண்ணுல உக்காந்து காசு போட்டாரு. ரேஸ் கிளம்புச்சு.

பக்கத்துத் திரையிலயும் ஒரு கார் கிளம்புச்சு.

சீட்டு காலி.

ஏதோ கோளாறுன்னு விட்டுட்டாரு. ஆனா இவரு வேகம் எடுத்தா அதுவும் எடுக்குது. பிரேக் போட்டா அதுவும் நிக்குது. முந்தவே இல்ல... ஒட்டிக்கிட்டே வருது. அவ்வளவு இரைச்சல்லயும் அந்தக் காலி சீட்டுக்குக் கீழ இருந்து 'டக்... டக்...'னு பெடல் அமுங்குற சத்தம். கூடவே, நாள்பட்டுத் தேங்கின தண்ணி வாடை.

மெக்கானிக் கை சும்மா இருக்குமா? குனிஞ்சு போன் லைட்டை அடிச்சாரு. பெடல் தானா இறங்குது, ஏறுது. ஸ்பிரிங் போயிருக்கும்னு உள்ளங்கையை அது மேல வச்சுப் பாத்தாரு.

கை மேல ஒரு கால் மிதிச்சுது.

சின்னக் கால். சில்லுன்னு, ஈரமா. அஞ்சு விரலும் தனித்தனியா தெரிஞ்சுதாம்... எண்ணிடலாம் போல.

ரெண்டு ரெண்டு படியா ஏறி, வண்டியை எடுத்தவருதான். குடோன் ரோட்டுக்கு வந்ததும்...

'டிங்... டிங்... டிங்...'

ஸ்டியரிங்குக்கு முன்னாடி சிவப்பு லைட்டு மினுக்குது. பக்கத்து சீட்டுல பெல்ட்டு போடலையாம். அந்த சீட்டுல கனம் இருந்தாத்தான் அந்தச் சத்தம் வரும். திரும்பிப் பாக்கத் தெம்பு இல்ல. நேரம் ஆக ஆக சத்தம் வேகமாகுது. டிங்டிங்டிங்டிங்...

அவருக்கு ஆறு வயசுல ஒரு பொண்ணு. அந்தப் பழக்கமோ என்னமோ... வண்டியை ஓரம் கட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, கையை நீட்டி பெல்ட்டை இழுத்து 'க்ளிக்'குனு மாட்டி விட்டுட்டாரு.

சத்தம் நின்னுடுச்சு.

கண்ணைத் தொறந்தாரு. பெல்ட்டு சீட்டுல படியல. ஒரு சாண் தள்ளி... எதையோ சுத்தி வளைஞ்சு நிக்குது.

வீட்டு வாசல்ல வண்டியை விட்டுப் பூட்டினாரு. அதுக்கப்புறம் அந்தப் பெல்ட்டை அவரு கழட்டவே இல்ல. வேலைக்கு பஸ்லதான்.

அந்த அக்கா கேட்டிருக்காங்க, "ஏங்க, பயமா இருந்தா வித்துத் தொலைங்களேன்."

"வாங்குறவன் மொதல் வேலையா பெல்ட்டைக் கழட்டுவான்டி. கழட்டினா அது எங்க வரும்? உள்ள புள்ள தூங்குது."

சும்மா இல்லாம, பெல்ட்டு வெளிய வர்ற எடத்துல, பெல்ட்டு மேலயே மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சாரு. மாசாமாசம் ஜன்னல் வழியா பாப்பாராம். கோடு வெளிய நகர்ந்திருக்கு. மொதல்ல ஒரு விரக்கடை. அடுத்து ரெண்டு. போன மாசம் நாலு.

"மாப்ள... அது வளருதுடா"ன்னு என் ஃப்ரெண்டுகிட்ட சொல்லிருக்காரு. அவன் சிரிச்சிருக்கான்.

நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு அவனுக்கு அவர்கிட்ட இருந்து போன். மொதல்ல மூச்சு மட்டும். அப்புறம் ரொம்ப மெதுவா...

"மாப்ள, வெளிய வண்டில 'க்ளிக்'குனு கேட்டுச்சுடா..."

இவன் வாயைத் தொறக்குறதுக்குள்ள, போன்ல அவருக்குப் பின்னாடி அவரு பொண்ணு குரல். தூக்கக் கலக்கமே இல்லாம, தெளிவா...

"அப்பா, கதவை நான் தொறந்து விடட்டுமா?"