யாரும் தள்ளாத ஆள்

சங்கரன்கோவிலிலிருந்து சிவகிரி போகும் பஸ்ஸில் ஒரே நெரிசல். என் பக்கத்தில் இரண்டு தோழிகள் முன்னும் பின்னுமாக நின்றார்கள்.

முன்னால் நின்றவள் திரும்பினாள். "ஏட்டி, தள்ளாத."

"நானா தள்ளுதேன்? பின்னால உள்ளவ என்னையத் தள்ளுதா. அவள அடுத்தவ தள்ளுதா. இப்படியே போனா, யாரும் தள்ளாமத் தானாத் தள்ளுத ஒரு ஆளு கடைசில இருக்கணும்லா? அவருதாம்ட்டி கடவுளு."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

"அது கண்டக்டரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சொன்ன முன்னவள் சிரிக்கவில்லை.

"எங்கம்மை வழுக்கி விழுந்து செத்தாளே, அப்பம் உங்கடவுளு பிடிச்சாரா?"

பஸ் சட்டென்று பிரேக் அடித்தது. சாயப்போன தோழியை இடுப்போடு சேர்த்துப் பிடித்த பின்னவள், பிடியை விடாமலே சொன்னாள்:

"உன்னையப் பிடிக்கத்தாம்ட்டி என்னைய இங்கன தள்ளிவிட்டிருக்காரு."