இருபத்திரண்டு டிகிரியும் முப்பத்தாறு டிகிரியும்

...ஃப்ரிட்ஜ்ல மேல ஐஸ் கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கு, கீழ பால் திரிஞ்சு போகுது! ஒரே பெட்டி, ஒரே கரண்ட்டு. மேல்வீட்டுக்கு ஒரு நியாயம், கீழ்வீட்டுக்கு ஒரு நியாயமா? நாலு நாளா இதே கூத்துதான் மெக்கானிக் தம்பி. தக்காளி கொழகொழன்னு ஆயிடுச்சு. என் வீட்டுக்காரி அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. நாளைக்கு வந்து இதைத் திறந்து பாத்தான்னா, தக்காளியோட என்னையும் சேத்துத் தூக்கி வெளியில வெச்சுடுவா.

ம்? இல்ல இல்ல, மேல் கதவைத் திறக்க வேண்டாம்! மேல நல்லாத்தான் இருக்கு. கோளாறு கீழதான். கீழ பாருங்க, பின்னாடி பாருங்க. நான் டார்ச் அடிக்கிறேன்.

மேல் கதவுல இருக்கிற அந்தச் சீட்டா? 'தொடாதீர்கள்.' நான்தான் ஒட்டினேன். எழுத்து நல்லா இருக்குல்ல? நூலகத்துல அரிய நூல் பிரிவுல முப்பத்தோரு வருஷம் இருந்தவன் தம்பி. இந்த ஒரு வார்த்தையை மட்டும் ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். பழக்க தோஷம், விட்டுடுங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, என் பொண்ணு நேத்து வந்து கீழ் அறைக்குள்ள கையை விட்டா. கண்ணை மூடிக்கிட்டா. டாக்டரம்மா நாடி பாக்கிற மாதிரி ஒரு நிமிஷம். 'அப்பா, ஃபேன் சத்தம் கேக்குது, காத்து மட்டும் கீழ வரல. மேல காத்து வர்ற ஓட்டையை எதுவோ அடைச்சுக்கிட்டிருக்கு'ங்கிறா! பத்தொன்பது வயசு. இன்னும் ஒரு கிளாஸ்ல கூடப் போய் உக்காரல. உள்ள ரூம்லதான் இருக்கா. கதவு கொஞ்சமா திறந்திருக்கு பாருங்க... காதை மட்டும் இங்க அனுப்பி வெச்சிருக்கா.

அவளுக்கு உங்க தொழில்தான் படிக்கணுமாம். ஃப்ரிட்ஜ், ஏசி, சுடுதண்ணி ஹீட்டர், சூடு குளிர் எல்லாம். நான் வேண்டாம்னே சொல்லல! பொண்ணு ஸ்பேனர் பிடிச்சா உலகம் கவுந்துடுமா? படி தாயே, தாராளமாப் படி. எங்க படிக்கிறதுங்கிறதுலதான் சண்டை. ஃப்ரிட்ஜ் மேல ரெண்டு விண்ணப்பம் இருக்கு பாருங்க. மெதுவா, மெதுவா, நழுவிடப் போகுது. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஏதாவது ஒண்ணுல நான் கையெழுத்துப் போட்டு, அவ கொண்டு போய்க் குடுத்தாகணும். விட்டா அடுத்த வருஷம்தான். மணி என்ன, மூணே முக்காலா? இருக்கு, இருக்கு, நிறைய நேரம் இருக்கு.

சும்மா ஏனோதானோன்னு தேடல தம்பி. ஏழு இடம் பாத்தேன். ஏழு விளக்கப் புத்தகத்தையும் வாங்கி, அகர வரிசையில அடுக்கி, ஒவ்வொண்ணுக்கும் அட்டை எழுதி வெச்சேன். ஒருத்தன் முதல் பக்கத்துல 'குளிரூட்டல்'ங்கிறான், மூணாம் பக்கத்துல 'குளிர்பதனம்'ங்கிறான். ஒரு முடிவுக்கு வாய்யா! சரி, அது வேற கதை. ஏழு பேரும் 'நவீன ஆய்வகம்'னுதான் போட்டிருக்கான். எதை நம்புறது? அதுக்குத்தான் இதைக் கையோட கொண்டு போனேன். தெர்மாமீட்டர். பழைய புத்தக அறைக்கு வெச்சிருந்தது, ஓய்வு பெறும்போது என்கூடவே வந்துடுச்சு. குளிரை வித்தை மாதிரி சொல்லிக் குடுக்கிறவன், அவன் ஆபீஸை எத்தனை டிகிரியில வெச்சிருக்கான்னு பாத்தா அவன் லட்சணம் தெரிஞ்சுடாதா? என்ன சிரிக்கிறீங்க? அறிவியல் தம்பி இது!

அஞ்சு இடம் அதுலயே அடிபட்டுப் போச்சு. மிச்சம் ரெண்டு, அதுல ஒண்ணு இவ பிடிவாதத்தால மிஞ்சினது.

ஒண்ணு இதோ இந்தத் தெரு முனையில. கண்ணாடி ஆபீஸ். இருபத்திரண்டு டிகிரி! அரை மணி நேரம் உக்காந்திருந்தேன், அரை டிகிரி ஆடல. ஆறே மாசப் படிப்பு. காலையில போனா மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம். நடுக்கூடத்துல ஒரு மாடல் வெச்சிருக்கான் பாருங்க, அடடா! கம்ப்ரசரைப் பாதியா அறுத்து, சூடு போற குழாய்க்குச் சிவப்பு, குளிர் போற குழாய்க்கு நீலம்னு பெயின்ட் அடிச்சு, மேல கண்ணாடிக் கூண்டு. கூண்டு மேல போர்டு, 'தொடாதீர்கள்.' எனக்கு மனசு அப்படியே குளிர்ந்து போச்சு. சொந்தக்காரனைப் பாத்த மாதிரி.

என்னது? ஓடுமாவா? மாடல் எங்கயாவது ஓடுமா தம்பி? பாதியா அறுத்ததுன்னு சொல்றேன்ல!

இன்னொண்ணு ஊருக்கு அந்தக் கோடியில ஒரு தகரக் கொட்டாய். ரெண்டு பஸ் மாறணும். முப்பத்தாறு டிகிரி. எனக்குத் தெர்மாமீட்டர் மேலயே சந்தேகம் வந்து, உதறிட்டுத் திரும்பப் பாத்தேன். முப்பத்தாறரை ஆயிடுச்சு! சுவத்துல நாலு ஏசி தொங்குது, ஒண்ணுக்கும் மூடி கிடையாது. குடலை வெளியில எடுத்துப் போட்டிருக்கு. அங்க இருந்த வாத்தியார்கிட்ட நேராவே கேட்டேன், 'ஏங்க, இத்தனை ஏசி இருந்தும் ஒண்ணு கூட ஓடலையே'ன்னு. அந்த ஆள் வேர்வையைத் துடைச்சுக்கிட்டே சொல்றார், 'ஓடினா பிள்ளைங்க எதைப் பிரிக்கும்?' இது ஒரு பதிலா, சொல்லுங்க? அட, நீங்க எதுக்குத் தலையாட்டுறீங்க?

என்கூட வந்த இவளைப் பாத்தா, அங்க போய்ச் சேர்ந்த கால் மணி நேரத்துல முட்டி போட்டுக் கீழ உக்காந்துட்டா. யாரோ கையில ஒரு பிரஷ்ஷைக் குடுத்துட்டாங்க. சோப்பு நுரையைக் குழாய் மேல தடவி, எங்க முட்டை விடுதுன்னு பாத்து, எங்க கேஸ் கசியுதுன்னு கண்டுபிடிக்கிறா. மொத நாளே! இன்னும் விண்ணப்பமே வாங்கல! கை ரெண்டும் கரி. மூஞ்சி... என்ன சொல்ல, சின்ன வயசுல மழையில விளையாடிட்டு வருவா பாருங்க, அந்த மூஞ்சி.

ஒண்ணரை வருஷம் தம்பி அங்க. அதுல ஒரு வருஷம் மெக்கானிக் பின்னாடியே வீடு வீடாப் போகணும். மொட்டை மாடி, ஏணி, வெயில். அது கூடப் பரவாயில்ல. சில வீட்ல ஆளுங்க இருக்காங்க பாருங்க, வேலை பாக்க விடாம பேசியே உயிரை வாங்கிடுவாங்க! உங்களுக்குத் தெரியாததா?

...ஏன் அப்படிப் பாக்கிறீங்க?

சரி, விஷயத்துக்கு வர்றேன். நேத்து பந்தயம் கட்டினேன் அவகிட்ட. 'மெக்கானிக் வரட்டும். நீ சொன்னதையே அவரும் சொன்னா, கொட்டாய் விண்ணப்பத்துல கையெழுத்து. வேற ஏதாவது சொன்னா கண்ணாடி ஆபீஸ். அதுவரைக்கும் மேல் கதவை யாரும் தொடக் கூடாது'ன்னு. அதுக்குத்தான் சீட்டு. அதனால நிதானமாப் பாருங்க. தெர்மாஸ்டாட்டு போயிருக்கலாம். கேஸ் குறைஞ்சிருக்கலாம். பழைய பெட்டி, எதுவும் நடக்கலாம். நான் உங்களை எதுவும் சொல்லச் சொல்லல...

தம்பி, தம்பி! மேல் கதவைத் திறக்காதீங்கன்னு சொன்னேன்ல!

...

அது ஒண்ணுமில்ல. புத்தகம்.

அகராதி. ஆறு தொகுதி. நூத்திப் பத்து வருஷத்துப் பழசு. பூச்சி பிடிச்சிருந்துச்சு. பிளாஸ்டிக் பையில சுத்திப் பத்து நாள் உறைய வெச்சா பூச்சி முட்டையோட செத்துப் போகும். எங்க தொழில்ல இது சாதாரணம். மீன் வெக்கலாம், புத்தகம் வெக்கக் கூடாதா? ஆமாமா, பின் சுவத்தோட ஒட்டித்தான் நிக்க வெச்சேன். புத்தகத்தைப் படுக்கப் போட்டா முதுகு போயிடும்! அங்கதான் காத்து ஓட்டை இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?

நேத்து தெரிஞ்சுது. அவ சொன்ன அந்த நிமிஷமே தெரிஞ்சுது. அவ ரூமுக்குப் போனதும் சீட்டு எழுதினேன்.

சிரிச்சுத் தொலைங்க. கொஞ்சம் மெதுவா சிரிங்க, காது அங்க இருக்கு.

நீங்க சொல்லுங்க தம்பி, ரெண்டு பஸ் மாறிப் போனா அவ எப்போ வீட்டுக்கு வர்றது? மத்தியானம் நான் பேசினா காது குடுத்துக் கேக்கிற ஒரே ஆள் அவதான். அவ அம்மா பத்து வருஷத்துக்கு முன்னாடியே கேக்கிறதை நிறுத்திட்டா. சரி, அதை விடுங்க. நீங்க எங்க படிச்சீங்க? ...அட! இதே கண்ணாடி ஆபீஸா? அப்புறமென்ன, எவ்வளவு அழகா... என்னது? அப்போ வேலையை எங்க கத்துக்கிட்டீங்க? ஓ. ஜனங்க வீட்டு ஃப்ரிட்ஜ்லயா. முதல் நாலு வீட்ல பெட்டி போச்சா! எங்க வீடு எத்தனாவதுன்னு முதல்லயே கேட்டிருக்கணும்.

மணி நாலு தாண்டி அஞ்சு நிமிஷமா? ஐயையோ! அம்மாடி! ஒளிஞ்சு கேட்டது போதும், வா! என் கண்ணாடி எங்க... நெத்தியிலயா, சரி. பேனா? குடு. இங்கயா கையெழுத்து? இதுலயும் 'குளிர்பதணம்'னு போட்டிருக்கான் பாரு, மூணு சுழி ண! ...சரி சரி, திருத்தல, முறைக்காத. இந்தா. ரெண்டு பஸ் மாறி அஞ்சுக்குள்ள எப்படிப் போவே? தம்பி அந்தப் பக்கமா போறாரா? பைக்கா? மெதுவா ஓட்டுங்க தம்பி. நீ தெர்மாமீட்டரை எடுத்துக்கிட்டுப் போய், அங்க இன்னிக்கு எத்தனைன்னு... வேண்டாம். பாக்காத. போ.

என்ன சொன்னீங்க தம்பி? புத்தகத்தை ஓட்டையை விட்டு நகர்த்தி வெச்சாச்சு, இனி ஒரு மணி நேரம் கதவைத் திறக்கக் கூடாதா? சரி, புரிஞ்சுது. போயிட்டு வாங்க.

...

தெர்மாமீட்டரைக் கீழ் அறைக்குள்ள வெச்சேன். பத்தொன்பது காட்டுது.

தம்பி, காத்து வருது! சில்லுனு! கையை விட்டாலே... தம்பி? போயிட்டீங்களா. சரி.

...பதினெட்டரை. சும்மா ஒரு தடவை பாத்தேன். இனி திறக்க மாட்டேன்.

...பத்தொன்பது. என்னடா இது, ஏறுது?

...பத்தொன்பதரை.

திறக்கத் திறக்க ஏறத்தான் செய்யும். அந்தச் சீட்டைக் கீழ் கதவுல ஒட்டிடறேன்.