அண்ணனின் கைராசி

தக்காளிக்குக் காலையில்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாலையில் ஊற்றினால் விடியும்வரை இலை ஈரமாகவே நின்று புள்ளி விழும். இதுகூடத் தெரியாமல் தோட்டம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் இரண்டு தொட்டிகளையும் வரும்போது கவனித்தேன். யாரோ மிச்ச டீயை அதில் கொட்டுகிறார்கள் போலிருக்கிறது. யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். பேரம் கிடையாது, ஒரே விலை. என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

எங்களுக்குப் பாத்திரக்கடை. அப்பா வைத்தது. அவருக்குப் பின்னால் அண்ணனும் நானும் நடத்தினோம். கடையில் வாய் என்னுடையது. கரண்டி வாங்க வந்தவரை அண்டாவைத் தூக்க வைத்து அனுப்பும் வாய். ஆனால் பேரம் படிந்த அந்த நிமிஷத்தில் அப்பா என்னைக் கையால் ஒதுக்குவார்.

"பெரியவனே, நீ எடுத்துக் குடு. உன் கைதான் ராசி."

தொண்டை வறளப் பேசியது நான். பாத்திரத்தை எடுத்து நீட்டியது அண்ணன். அந்த ஆள் மறுபடி கடைக்கு வந்தால் அண்ணனின் கைராசி. வராவிட்டால் என் வாய்க்கொழுப்பு. அப்பா போன பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. நானே மாற்றவில்லை என்பதுதான் வேடிக்கை. பேரம் முடிந்ததும் என் கால் தானாக ஓரடி பின்னால் போய்விடும். பழக்கிய நாய்கூட அவ்வளவு ஒழுங்காகப் போகாது.

வயதாகிக் கடையை மூடினோம். அண்ணன் வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தைக் கொத்தித் தோட்டம் போட்டார். அண்ணி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்களுடைய ஒரே மகள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். வீட்டில் அண்ணன், நான், என் மனைவி, அவ்வளவுதான். எலுமிச்சை, மாதுளை, ரோஜா, அவரைப் பந்தல் என்று அவர் எதை நட்டாலும் அது அவருக்காகவே காத்திருந்ததுபோல வளர்ந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன் வீட்டுச் செடிகளைக்கூடத் தூக்கிக்கொண்டு வருவார். "பெரியவரே, உங்க கையால ஒரு தடவை மண்ணைத் தொட்டுக் குடுங்க" என்பார். அண்ணன் வெட்கத்தோடு தொட்டுக் கொடுப்பார். நான் வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். கடையை மூடியும் எனக்கு விடுதலை இல்லை.

இதெல்லாம் ஒரு காரணமா என்று உங்கள் முகம் கேட்கிறது. நியாயமான கேள்வி. சொத்துக்காக, பெண்ணுக்காக என்றால் எழுதுவதற்கு உங்களுக்கும் கௌரவமாக இருந்திருக்கும். என்னிடம் இருந்த சரக்கு இதுதான்.

ஒரு கோடையில் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது செடிகளை என்னிடம் ஒப்படைத்தார். "எலுமிச்சங்கன்னு மட்டும் கொஞ்சம் நோஞ்சான்டா. பாத்துக்க" என்றார். குழாய் தோட்டத்தின் மறு கோடியில். எனக்கோ முழங்கால் வலி. என் மனைவி சோடா உப்புப் போட்டுப் பாத்திரம் தேய்த்த வெந்நீர் ஒரு வாளி பின்வாசலில் இருந்தது. தண்ணீர் தண்ணீர்தானே என்று அதை எடுத்துக் கன்றின் தலையில் ஊற்றினேன். சத்தியமாக அது சோம்பேறித்தனம் மட்டும்தான். அந்த வாளியோடு கதை நின்றிருந்தால் இன்று நான் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

அண்ணன் திரும்பி வந்தபோது கன்று கருகிக் கிடந்தது. நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னார்:

"என் கைக்கு என்னமோ ஆயிருச்சுடா."

ஐயா, நீங்கள் வியாபாரம் பார்த்ததில்லை. பேரத்தில் ஒரு கணம் வரும். அதுவரை பிடிகொடுக்காமல் நின்ற ஆளின் குரல் லேசாக இறங்கும். அந்தக் கணத்தில் வாயைத் திறப்பவன் மடையன். சும்மா இருக்க வேண்டும். எதிராளி தானாக இறங்குவார். எனக்கு ஊட்டி வளர்த்த பாடம் அது. கடையில் ஆயிரம் பேரிடம் செய்ததை அண்ணனிடம் ஒரு தடவை செய்தேன். சும்மா இருந்தேன்.

மழைக்காலம் வந்தது. அண்ணன் புதிதாக ரோஜா வைத்தார். நான் அதன் வேரில் உப்பு வைத்தேன். மழை அதைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது, ரோஜா முன்பைவிடப் பச்சையாக நின்றது. என் முதல் குற்றத்தில் எனக்குக் கிடைத்தது நஷ்டம். பிறகு மழை விட்ட நாளாகப் பார்த்து வெந்நீருக்கு மாறினேன். அண்ணன் மதியம் தூங்கும்போது கெண்டியை எடுத்துக்கொண்டு போவேன். யாராவது பார்த்தால் எறும்புக்கு ஊற்றுகிறேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. நான் எங்கே போகிறேன் என்று என்னை யாரும் எப்போதும் கேட்டதில்லை.

பனிக்காலத்தில் எனக்கு வேலையே இல்லை. செடிகள் தாமாகவே வாடின. அந்தக் கணக்கும் அண்ணனின் கையில்தான் ஏறியது. அதே சமயம் மறுபக்கத்தில் நான் தொட்டிகளில் செடி வைக்க ஆரம்பித்திருந்தேன். அவை வளர்ந்தன. வளராமல் என்ன? அவற்றுக்கு யாரும் வெந்நீர் ஊற்றவில்லையே. தையல்காரர் ஒருநாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, ராசி அண்ணன்கிட்டேருந்து தம்பிக்கு மாறிடுச்சா?"

"அட, நீங்க வேற. ஏதோ மண்ணு நல்ல மண்ணு" என்றேன்.

"மண்ணு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானேய்யா" என்றார்.

அன்று நான் இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டேன். என் மனைவி பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அண்ணன் தன் மண்வெட்டியையும் கத்தரியையும் கொண்டுவந்து என் கட்டிலுக்கருகில் வைத்தார். "இனி நீ பாத்துக்கடா. நான் தொட்டா பட்டுப்போகுது" என்றார். என் கால் ஓரடி முன்னால் போனது. அந்தச் சுகத்தை உங்களுக்கு விளங்க வைக்க என் வாய்க்கே வலு இல்லை.

பனி விலகும் சமயத்தில் அவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. துணியில் சுற்றி எடுத்துவந்து அப்பா முன்னால் நீட்டினாள். அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தூக்குங்கப்பா."

"வேண்டாம்மா. என் கை இப்ப சரியில்ல. சித்தப்பா தூக்கட்டும்."

"இது என்னப்பா செடியா?"

"செடி இல்லைன்னுதான்மா பயமா இருக்கு" என்றார்.

அவள் அழுதாள். என் மனைவி, "பெரியவரே, பச்சப் புள்ளைக்கிட்ட என்ன பேச்சு இது" என்று அதட்டிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. குழந்தை என் கைக்கு வந்தது. கனமே இல்லை. அண்ணன் எட்ட நின்று அதன் விரல்களை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாளி வெந்நீர், அவ்வளவுதான் விஷயம். எல்லோரும் என்னைத் திட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். நாக்கு நுனிவரை வந்தது. அப்போது குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு அழுகையை நிறுத்தியது. "பாருங்க, சித்தப்பா கை ராசி" என்றாள் மகள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பின் அண்ணன் மூச்சு வாங்கிப் படுத்துவிட்டார். டாக்டர் இதயத்துக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையையும் தானாக எடுக்க மறுத்தார். "உன் கையாலயே குடுடா. நான் எடுத்தா மருந்தும் வேலை செய்யாது" என்றார். நான் கொடுத்தேன். தவறாமல், தண்ணீரோடு கொடுத்தேன். அவர் தேறினார். டாக்டரே என் முதுகில் தட்டினார். இதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நான் கொடுத்துத்தான் அவர் எழுந்து நடந்தார்.

சிக்கல் அங்கேதான். நடந்தவர் நேராகத் தோட்டத்துக்குப் போனார். எனக்குத் தெரியாமல் ஓர் அவரை விதையை ஊன்றியிருக்கிறார். நான் கவனிப்பதற்குள் அது முளைத்து இரண்டு இலையும் விட்டுவிட்டது. அன்று காலை அவர் என்னைக் கூப்பிட்ட கூப்பாட்டில் தையல்காரரே ஓடிவந்தார்.

"டேய், இங்க வாடா. கை திரும்பிருச்சுடா. பாரு, பாரு."

பார்த்தேன். தையல்காரர் கைதட்டினார். நானும் தட்டினேன். "இது கொஞ்சம் ஏறட்டும். அப்புறம் நானே போய்ப் பேத்தியைத் தூக்கிட்டு வரேன்" என்றார் அண்ணன். என் கால் ஓரடி பின்னால் போனதை நானே குனிந்து பார்த்தேன்.

வெந்நீருக்கு வழியில்லை. அவர் பகலெல்லாம் அந்தக் கொடியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மதியத் தூக்கமும் போயிற்று. அவருக்குக் கொஞ்சம் அசதி வர வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. உள்ளே போய்ப் படுத்தால் போதும். அதனால் ஒருநாள் மாத்திரையை முழுசாகக் கொடுக்கவில்லை. பாதியை நறுக்கிக் கொடுத்தேன். நான் நறுக்கியதை அவர் கவனிக்கவில்லை. கடையில் எடையைக் குறைக்கும்போதும் இப்படித்தான், முதலில் கண்ணுக்குத் தெரியாத அளவு. வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் மாறாவிட்டால் இன்னும் கொஞ்சம். பிறகு பாதியும் போய், நிறத்தில் அதே மாதிரி இருந்த சத்து மாத்திரை ஒன்றைக் கொடுத்தேன். அதை வாங்கி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு விழுங்குவார். "உன் கையில வாங்கினா தொண்டையிலயே குணம் தெரியுதுடா" என்பார்.

எனக்கு அவர் சாக வேண்டும் என்று இல்லை. படுக்க வேண்டும் என்றுதான். படுத்தார். கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். கூட்டி எழுதியதையும் நான் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்கிறீர்கள். அதற்குள் அந்த அவரைக்கொடி பந்தலில் ஏறிவிட்டது. நான்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், அப்போது அது என் கொடிதானே. அவர் எழுந்து வந்தால் மறுபடி அவருடையதாகிவிடும்.

அடுத்த கோடை முடிவதற்குள் அவர் போனார். கடைசிவரை பேத்தியைத் தொடவில்லை. வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான்" என்றார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன். அதில் நடிப்பு இல்லை, உண்மையிலேயே கூச்சமாக இருந்தது. பாராட்டு எனக்குப் பழக்கமில்லாத சரக்கு.

மாட்டிக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் என் முட்டாள்தனத்தை நானே சொன்னால்தான் எனக்குத் திருப்தி. கொடுக்காத மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து எடுத்துவிடுவேன், அட்டை குறைந்தால்தானே கொடுத்தது போலிருக்கும். குப்பையில் போட முடியாது. என் மனைவி எங்களையும் மிஞ்சிய வியாபாரக் குடும்பத்துப் பெண். பழைய பட்டன் வீணாகப் போகிறதா என்று குப்பைக்கூடையைத் தினமும் கிளறுவாள். அதனால் தகரத் தாள் சுற்றியபடியே என் எலுமிச்சைத் தொட்டியின் மண்ணுக்குள் அழுத்தி வைத்தேன். என்னைத் தவிர யாரும் தொடாத தொட்டி.

போன வாரம் அண்ணன் மகள் வந்தாள். அப்பா ஞாபகமாக ஒரு செடி வேண்டும் என்றாள். மூலையில் இருந்த சின்ன ரோஜாத் தொட்டியைக் கைகாட்டினாள்.

"இது போதும் சித்தப்பா. தூக்கவும் சுலபம்."

"அடப் போ கண்ணு. அது நோஞ்சான். இதை எடுத்துக்க, பாரு எப்படிக் காய்ச்சிருக்கு. என் கையால வச்சது" என்று எலுமிச்சையைத் தள்ளி அவள் முன்னால் வைத்தேன்.

"இவ்வளவு பெருசா? வேண்டாம் சித்தப்பா."

வேண்டாம் என்று சொன்ன ஆளிடம் விற்றுத்தானே எனக்குப் பழக்கம். விடவில்லை. அவள் கணவனை வரவழைத்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். தெருமுனை திரும்பும்போதுதான் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. ஓடவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேனே. பெரிய தொட்டிக்கு மாற்றுவதற்காக அவள் மண்ணைக் கொட்டியிருக்கிறாள். உதிர்ந்த மாத்திரைகளை அள்ளிக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆக, நான்தான் செய்தேன். செடிகளையும் நான், அண்ணனையும் நான். எந்தப் பிரிவு பொருந்துமோ பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், கூட்டிப் போட்டாலும் சண்டைக்கு வரமாட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். அதற்குமுன் ஒரே ஒரு விஷயம், ஐயா. அந்த எலுமிச்சையைத் தொட்டியோடு சாட்சியாக இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறீர்களே, சற்றுத் திரும்பி நன்றாகப் பாருங்கள். வேருக்கடியில் அத்தனை மருந்தும் தகரமும் கிடந்தும் எத்தனை காய் பிடித்திருக்கிறது. இதற்குக் கைராசி என்றில்லாமல் வேறு என்ன பெயர்?