றிப்தாட மூணு ஸ்கூல்

பரவால்ல அன்ட்டி, நீங்க குடுத்த டொஃபிய அவ கையிலயே வச்சிருக்கட்டும். பேரு றிப்தா, என்ட தங்கச்சி. வெக்கம், அதான் நீங்க பேர் கேட்டும் வாய் தொறக்கல்ல. மனசுல ஒண்ணும் வச்சிக்காதீங்க. நல்லா சாஞ்சி இருங்க, கெட்டம்பேல வாகனம் எல்லாம் அப்பிடியே நிக்குது. பஸ் கண்டிக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும்.

ஓ அன்ட்டி, நான் படிக்கப் போறது டிகிரிதான். விசேட கல்வின்னு சொல்வாங்க. எழுத வாசிக்கக் கஷ்டப்படுற புள்ளைகளுக்குப் படிச்சிக் குடுக்குற படிப்பு. ரெண்டு எடத்துல கெடச்சிருக்கு. ஒண்ணு கண்டி டவுன்லயே, இங்கிலீஷ் மீடியம். கெலிஓயாவுல எங்கட வீட்டுல இருந்தே பஸ்ல போய் வரலாம். முடிச்சா கட்டார், மாலைதீவுன்னு வேலையும் இருக்காம். மத்தது தமிழ் மீடியம், மட்டக்களப்புப் பக்கம். ஹொஸ்டல்ல நிக்கணும். இன்னக்கி கண்டிக்காரங்களுக்கு முடிவு சொல்லணும், அதுக்குத்தான் போறோம்.

நீங்களும் இங்கிலீஷ்தான் சொல்வீங்கன்னு தெரியும். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. வாப்பா சொல்றாரு, அரூஸ் மாமா சொல்றாரு. அரூஸ் மாமா எல்லாத்துக்கும் சொல்வாரு.

இவள மொதல்ல தமிழ் ஸ்கூல்லதான் போட்டோம். எழுத்து ஏறல்ல. இன்னக்கிப் படிச்சது நாளைக்கி இல்ல. உம்மா சொன்னா, புள்ளக்கி தமிழ் கஷ்டம் போல ஈக்கின்னு. மாமா வந்தாரு, இந்தக் காலத்துல தமிழப் படிச்சி என்ன செய்யப் போறீங்க, சிங்கள ஸ்கூலுக்கு மாத்துங்கன்னாரு. மாத்தினோம். அங்க அந்த எழுத்தும் ஏறல்ல. பின் வரிசை வாங்குல கொண்டு போய் இருத்திட்டாங்க. சரி, இங்கிலீஷ்தான் லேசு, இருவத்தாறு எழுத்துத்தானேன்னு மாமா திரும்பவும் வந்தாரு. இன்டர்நெஷனல் ஸ்கூல். எங்கட ஊர்ல புள்ளக்கிப் படிப்பு ஏறாட்டி பாஷையத்தான் மாத்துவாங்க அன்ட்டி. புள்ளயப் பாக்க மாட்டாங்க.

அந்த ஸ்கூல்ல சொல்லிட்டாங்க, வீட்டுலயும் இங்கிலீஷ்தான் பேசணும்னு. சிரிப்பு வருதா? எங்களுக்கும் மொதல்ல சிரிப்புத்தான். வாப்பா சுபஹு தொழுதிட்டு வந்து குட் மோர்னிங் சொல்வாரு. உம்மாவுக்குத் தெரிஞ்சது கம், ஈட், ஸ்லீப், அவ்வளவுதான். வாயாடி மனுசி, மூணு சொல்லோட நின்டுட்டா. கத சொல்லித் தூங்க வைக்கிறதும் நின்டு போச்சி.

பொறவு பேராதனைல ஒரு டொக்டர் லேடிகிட்ட காட்டினோம். நல்ல மனுசி. இது நோயுமில்ல, மடத்தனமுமில்ல, எழுத்தப் புடிக்கிற விதம் இவக்கி வேற, எந்த பாஷைல போட்டாலும் இதே கஷ்டம் இருக்கும்னு சொன்னா. பழகின பாஷைல, ஒரு ஆள் பக்கத்துல இருந்து மெதுவா சொல்லிக் குடுத்தா வருமாம். அப்பிடிச் சொல்லிக் குடுக்குற ஆள் எங்க இருக்குன்னு உம்மா கேட்டா. தமிழ்ல அப்பிடி ஆக்கள் சரியான கொறவுன்னு டொக்டர் சொன்னா.

இல்ல அன்ட்டி, நான் முடிவெடுத்திட்டேன். மட்டக்களப்புத்தான். இங்கிலீஷ்ல படிச்சி வந்து, நானும் இவகிட்ட நின்டு ஏ ஃபோர் அப்பிள்னு சொல்லவா?

இவள விட்டுட்டுப் போக மனசு வருமான்னா கேக்குறீங்க? உம்மா அழுவா, நான் பாத்துக்கிட்டு இருப்பேன். எனக்கு அழுகையும் வாறதில்ல, கோவமும் வாறதில்ல. பல்லுக் கழட்ட ஊசி போட்டா கன்னம் எப்பிடி இருக்கும், அப்பிடித்தான் இருக்கு கொஞ்ச நாளா.

ஃபோன்லயா? டெய்லி எடுத்துப் பேசலாம்னு சொல்றீங்க. ஏலாது அன்ட்டி. வெக்கம்னு சொன்னேனே, அது வெக்கமில்ல. எல்லார்கிட்டயும் அப்பிடிச் சொல்லிச் சொல்லி வாய்ல வந்திடுது. அவ பேசுறத நிப்பாட்டிட்டா.

அந்தக் கடைசி ஸ்கூலுக்கு நான்தான் கூட்டிப் போவேன். ஒரு நாள் காலைல, ஸ்கூல் கேட்டுக்குக் கிட்ட வந்ததும் என்ட அபாயாவப் புடிச்சி இழுத்தா. ராத்தா, இன்னக்கி நான் எந்த பாஷைல பேசணும்னு கேட்டா. பெல் அடிச்சிட்டு, கேட்ட மூடப் போறாங்க, அவ உள்ள போய்ட்டா. அதுதான் அவ கடைசியாப் பேசினது. உம்மாகிட்டயும் இல்ல, என்கிட்டயும் இல்ல. காது நல்லாக் கேக்கும். நம்ம பேசுற எல்லாம் வெளங்கும். இந்தா, இப்பயும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா.

நான் தமிழ் மீடியம் எடுக்குறது அதுக்குத்தான் அன்ட்டி. அந்தக் கேள்விய அவ தமிழ்லதான் கேட்டா.

மணிக்கூட்டுக் கோபுரம் வந்திட்டு, நாங்க எறங்கணும். றிப்தா, அன்ட்டிக்குக் கை காட்டு.